பெட்டியை நகர்த்தியது நான்தான்

சாமி,

நீ எழுதி வைத்திருப்பதாகச் சொன்ன ராஜினாமாக் கடிதம் இன்னும் உன் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். மாதக் கடைசியில் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாய். அதற்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும். உன் ஆபீசுக்கு இரண்டு தரம் போன் போட்டுப் பார்த்தேன். இரண்டு தரமும் எடுத்தவர் இந்தியில் என்னவோ கேட்டார். நான் என் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதுவுமில்லாமல் இதையெல்லாம் ஏற்காட்டில் காதர் பாய் கடை போனில், அவரும் அங்கே சர்க்கரை வாங்க வந்தவர்களும் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்ல எனக்கு வாய் வராது. நம் மஞ்சக்குட்டைத் தபால் பெட்டியில் போட்டால் கோவா வந்து சேர நாள் பிடிக்கும் என்று, நாளைக் காலை முதல் பஸ்ஸில் சேலம் இறங்கி அங்கேயே சேர்த்துவிட்டு வருவதாக இருக்கிறேன். கடிதம் நீளமாக இருக்கும். வேலைகளை முடித்துவிட்டு உட்கார்ந்து படி. அந்த இழுப்பறையை மட்டும் அதுவரை திறக்காதே.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று உனக்குச் சொன்னது நான். கடலுக்குப் போகிற பிழைப்பு உனக்கு ஒத்து வராது, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் தேடுகிறார்கள், தங்க வீடும் தருவார்கள், பெண்டாட்டி பிள்ளையோடு நிம்மதியாக இருக்கலாம் என்று நாலு பக்கம் எழுதினேன். நீ ஒரு வாரம் யோசித்துவிட்டு, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அப்பா என்று பதில் போட்டாய். அடுத்த மாதம் கிளம்பும் கப்பலுக்கு உன் பெயரை எடுத்துவிடச் சொல்லப் போவதாகவும் எழுதியிருந்தாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. அப்பன் சொன்னால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வாய். அந்த நாலு பக்கத்தையும் எழுதியது உன் மேல் எனக்கு இருக்கும் பாசம் இல்லை. பொறாமை. இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. எழுதியாகிவிட்டதால் மீதியையும் எழுதிவிடுகிறேன்.

எஸ்டேட் ரைட்டர் வேலை என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். காலையில் ஆட்களின் பேர் எழுதுவது, பறித்து வந்த காப்பிப் பழத்தை எடை பார்ப்பது, மேனேஜருக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்திலும் பேச்சு வாங்குவது. எட்டாவது படித்தவன் யாரும் அதைச் செய்துவிடுவான். நான் பெருமையாக நினைத்தது அந்த வெள்ளைப் பெட்டியைத்தான். நாலு காலில் நிற்கும் மரப்பெட்டி. காற்றுப் போய்வரச் சட்டங்களைச் சாய்த்து அடித்திருக்கும். உள்ளே வெயில் படாமல் தெர்மாமீட்டர்கள். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் திறந்து பார்த்து நோட்டில் எழுதுவேன். மாதம் முடிந்ததும் ஒரு கார்டில் பெயர்த்து எழுதிப் பட்டணத்து வானிலை ஆபீசுக்கு அனுப்புவேன். இருபது வருஷத்தில் அந்தக் கார்டுகளுக்கு எனக்கு வந்த பதில் ஒன்றே ஒன்று. ஒரு மாதம் அனுப்பியது ஏன் தாமதம் என்று கேட்டிருந்தார்கள். நம்மையும் ஒருவர் எதிர்பார்க்கிறார் என்று அதைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தேன்.

பெட்டிச் சாவியை நான் சட்டைப் பையை விட்டு எடுக்கவே மாட்டேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருமுறை திறந்து காட்டச் சொல்லிக் கேட்டாய். மாட்டேன் என்றேன். இன்னொரு நாள் நான் குளிக்கப் போயிருந்தபோது சட்டையிலிருந்து சாவியை எடுத்து நீயே திறந்துவிட்டாய். முதுகில் ஓர் அறை விட்டேன். மூச்சுக் காற்று பட்டால் அளவு மாறிவிடும் என்று காரணமும் சொன்னேன். மாறும் என்பது உண்மைதான், ஆனால் நான் அடித்தது அதற்காக இல்லை. அந்த மலையில் எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு பொருள் இருந்தது. அதைப் பெற்ற பிள்ளையோடுகூடப் பங்கு போட மனம் வரவில்லை. கடைசியில் நீ தெர்மாமீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில், வேறு ஓர் ஆளிடம். அந்த வாத்தியாரைப் பற்றி நீ வீட்டில் வந்து சொன்னபோதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் பெட்டி முதலில் மேட்டின் மேல், சில்வர் ஓக் மரங்களைத் தாண்டித் திறந்த வெளியில் இருந்தது. மழைக்காலத்தில் ஒருதரம் ஏறி இறங்கினால் கால்விரல் இடுக்கெல்லாம் அட்டை. எனக்கு முழங்கால் வலி வேறு தொடங்கியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஆபீசுக்குப் பக்கத்தில் காப்பிக் கொட்டை காயப்போட மண் களத்தை எடுத்துவிட்டுப் பெரிதாகச் சிமெண்டுக் களம் போட்டார்கள். மேனேஜர் ஊருக்குப் போயிருந்த வாரம் பார்த்து, இரண்டு ஆட்களை வைத்துப் பெட்டியைத் தூக்கி வந்து களத்துக்குப் பத்து எட்டு தள்ளி நட்டுவிட்டேன். அவர் திரும்பி வந்து பெட்டி அங்கே நிற்பதைப் பார்த்தார், எப்போதும் அங்கேதான் இருந்தது என்று நினைத்துக்கொண்டார். பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டு சாயங்காலத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வேலை முடிந்த பெண்கள் அதில் கால் நீட்டி உட்கார்ந்து குளிர் விரட்டுவார்கள். நீயே புத்தகப் பையைத் தலைக்கு வைத்து அதில் மல்லாந்து கிடந்தவன். தெரிந்தும் நகர்த்தினேன். பத்து எட்டுத் தள்ளி இருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீ படித்து, மேலே படித்து, கடலின் சூட்டை அளக்கும் வேலைக்குப் போனாய். கேட்டவர்களுக்கெல்லாம் உன் அம்மா, என் பையன் சமுத்திரத்துக்குக் காய்ச்சல் பார்க்கிறான் என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். ஒரு பெட்டி, ஒரு நோட்டு, ஒரு கார்டு என்று நான் இருக்க, நீ அதையே எடுத்துக்கொண்டு உலகம் பூராவும் கொண்டுபோய்விட்டாய் என்று தோன்றும். உன்னை யாராவது புகழ்ந்தால் அவன் சின்ன வயதில் கணக்கில் மட்டம் என்று நடுவில் சொல்லுவேன். நீ கணக்கில் மட்டம் இல்லை. ஒரு பரீட்சையில் காய்ச்சலோடு போய்க் குறைவாக எடுத்தாய், அவ்வளவுதான்.

சென்னையில் உன்னை வழியனுப்ப வந்த நாளைச் சொல்லியாக வேண்டும். நான் கடலைக் கண்ணால் கண்டதே அன்றைக்குத்தான். அந்தமானுக்குப் போகும் பயணிகள் கப்பலில் நீ கருவிகளோடு போவதாக இருந்தது. என்னைக் கப்பலுக்குள் கூட்டிப் போய்ப் பின்பக்கத்தில் நிறுத்தி, பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாய். மூக்கு கனத்த சின்னக் கருவி. வாலில் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கடலில் போட்டால் விழ விழக் கம்பி அவிழும், ஆழத்தில் இருக்கும் சூடு கம்பி வழியாக மேலே வந்து சேரும், கம்பி தீர்ந்ததும் அறுந்துபோகும் என்றாய். கருவியைத் திரும்ப எடுக்க மாட்டாயா என்று கேட்டேன். ஒருதரம் போட்டால் போட்டதுதான் என்றாய். நான் ஒரு தெர்மாமீட்டரைக் கைதவறி உடைத்ததற்கு மேனேஜரிடம் இங்கிலீஷில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இலக்கணம் சரியில்லை என்று மூன்று தரம் திருப்பி எழுத வைத்தார். நீ சில மணிக்கு ஒன்றைக் கடலில் வீசுகிறாய், ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. கப்பல் ஆள் ஒருவர் நமக்கு டீ கொண்டுவந்தார். எனக்கும் கொடுத்தார், ஆனால் உன்னைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார்.

இத்தனை செய்து கடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கேட்டேன். ஒரு டிகிரியில் ரொம்பச் சின்னப் பங்கு என்று நீ சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இவ்வளவு பெரிய கப்பல் என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை.

"கடலு அத்தனை பெருசுங்கப்பா. அதுல அந்தத் துளி ஏறோணும்னா எவ்வளவு சூடு உள்ள போயிருக்கோணும்? காத்துல நாம பாக்கறது கொஞ்சந்தானுங்க. மீதியெல்லாம் கடலு வாங்கி உள்ள வச்சுக்குது. மேல கைய வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது."

எனக்கு அது உடனே புரிந்தது. நானும் அப்படித்தானே நின்றுகொண்டிருந்தேன். கப்பல் போனதும் ரயிலேறி ஊருக்கு வந்தேன். கப்பல் எப்படி இருந்தது என்று உன் அம்மா ஆசையாகக் கேட்டாள். துருப்பிடித்திருந்தது என்றேன். அவள் நாலு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காப்பிப் பறிப்புச் சமயத்தில் நீ லீவில் வந்தாய். என் நோட்டுகளையெல்லாம் பார்க்க வேண்டும் என்றாய். கடலின் கணக்கையும் மலையின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதப் போகிறேன், அதில் உங்கள் பெயரையும் என் பெயரோடு சேர்த்துப் போடுவேன் என்று சொன்னாய். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. நோட்டுகளைத் துடைத்து அடுக்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வாசலில் போய் நின்றுகொண்டேன். நான் இருபது வருஷம் எழுதியதை நீ இரண்டு மணி நேரத்தில் படித்துவிட்டாய். பிறகு வெளியே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகக் கேட்டாய்.

"ஏனுங்கப்பா, காலம்பற எழுதுனதெல்லாம் ஒரே சீராப் போகுது. சாயங்காலத்துது மட்டும் நடுவுல ஒரு வருசத்துல இருந்து மேல ஏறி நின்னுக்குது. பொட்டிய எங்கயாச்சும் நகத்துனீங்களா?"

"யாரு நகத்துனா? அது எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்குது."

"நகத்துனா ஒண்ணும் தப்பில்லீங்கப்பா. எப்பன்னு மட்டும் சொன்னீங்கன்னாப் போதும். எவ்வளவு ஏறிச்சுன்னு கண்டுபுடிச்சுக் கழிச்சரலாம். ஒரு வரி கூட வீணாப் போவாது."

நீ இவ்வளவு மரியாதையாகக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். இருபது வருஷத்தில் எந்த மேனேஜரும், கார்டு வாங்கின எந்த ஆபீசரும் கண்டுபிடிக்காததை, என்னிடம் முதுகில் அறை வாங்கின பயல் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான். எனக்கு நீயே சரி செய்து கொடுப்பதாக வேறு சொல்கிறாய். நகர்த்தவே இல்லை என்று இன்னொரு தரமும் அடித்துச் சொன்னேன். நடந்துவிட்டு வருகிறேன் என்று நீ கிளம்பிப் போனாய். திரும்பி வரும்போது உன் செருப்பில் மேட்டுச் செம்மண் அப்பியிருந்தது. பழைய இடத்தில் பெட்டியின் கால்களுக்கு நான் போட்டிருந்த நாலு கல்லும் அப்படியே புதைந்து கிடந்தன. நீ அதைப் பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா, ரசம் நன்றாக இருக்கிறது என்று நீ சொன்னாய்.

ஒரு வருஷம் கழித்துக் கட்டுரை வந்தது. மலை இல்லை, கடல் மட்டும் இருந்தது. உன் பெயர் மட்டும் இருந்தது. அப்பன் வாயால் சொல்லாததை நீயாகச் சொல்ல மாட்டாய் என்று நான் நினைக்கவில்லை. என்னைப் பொய்யனாக்காமல் இருக்க நீ மலையையே எடுத்துப் போட்டுவிட்டாய். நீ அனுப்பியிருந்த பிரதியைக் காதர் பாய் கடையில் காட்டினேன். அவர் தன் கடைச் சிப்பந்திகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ரைட்டரே, பையன் பேரு அச்சுல வந்திருக்குது. நாங்க சந்தோசப்படறோம், நீங்க எதுக்குங்க கசாயம் குடிச்ச மாதிரி நிக்கறீங்க?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

இனிச் சொல்லப் போவதுதான் கஷ்டம். ஒரு மாதத்துக்கு முன்னால் நீ ஒரு கடிதம் போட்டாய். நீ கடலில் போடும் கருவி ஆழத்தை அளப்பதே இல்லை, விழுந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று பார்த்து இவ்வளவு ஆழம் என்று ஒரு சூத்திரம்தான் சொல்லும் என்று எழுதியிருந்தாய். அந்தச் சூத்திரம் பிசகு, கருவி நினைத்ததைவிட வேகமாக விழுகிறது என்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள், நீ பல வருஷமாகப் போட்ட ஒவ்வொன்றும் நீ எழுதியதைவிட அதிக ஆழத்தில் இருந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இவ்வளவு நாள் தப்பான இடத்தின் சூட்டை எழுதிக்கொண்டிருந்தேன் அப்பா, ராத்திரி வாந்தியும் மயக்கமுமாக நின்று போட்டதெல்லாம் எதற்கு என்று தெரியவில்லை, மனசு விட்டுப்போய்விட்டது என்று முடித்திருந்தாய். அந்தக் கடிதத்தை நான் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்று படித்தேன். படித்துவிட்டு நேராகக் காதர் பாய் கடைக்குப் போய் அரைக் கிலோ அல்வா வாங்கினேன்.

ஏன் வாங்கினேன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என்ன விசேஷம் என்று பாய் கேட்டார். சும்மா என்றேன். வீட்டில் உன் அம்மா கேட்டாள். என்ன சொல்வது? உனக்குப் புரமோஷன் என்று சொல்லிவிட்டேன். அவள் அடுத்த நாளே சேர்வராயன் கோயிலுக்கு ஏறிப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். நீ கப்பலில் இருந்த நாட்களில் அவள் அங்கே வேண்டிக்கொண்டதெல்லாம் நிறைவேறிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் இரண்டு நாள் அல்வா சாப்பிட்டேன், சாமி. என் பையன் அளந்ததும் தப்பு, அவனும் என்னைப் போலத்தான் என்று நினைத்து நினைத்துச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து அந்த நாலு பக்கத்தை எழுதினேன். உன்மேல் இரக்கப்படுவது போல எழுதியிருந்தேன். ஒரு வரியில்கூட நான் யார் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

வேலையை விடுகிறேன் என்று நீ எழுதிய பதில் போன வாரம் வந்தது. நான் வெளியே போயிருந்த நேரம். உன் அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். நான் வந்ததும் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"புரமோசன் கெடச்ச பையன் எதுக்குங்க வேலைய உடோணும்?"

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கருவி, சூத்திரம், ஆழம் எல்லாம். அவள் கேட்டது இரண்டே கேள்வி. அவன் ஏதாவது தப்பு செய்தானா என்றாள். இல்லை, சூத்திரத்தில்தான் தப்பு என்றேன். எவ்வளவு வேகமாக விழுகிறது என்று இப்போது தெரிந்துவிட்டதா என்றாள். தெரிந்துவிட்டது என்றேன். "அப்பத் திருத்திப் போட்டாத் தீந்துது. இதுக்கு எதுக்குங்க அவன ஊட்டுக்கு வரச் சொன்னீங்க?" என்றாள். பதிலுக்கு அவள் நிற்கவில்லை, அடுப்படிக்குள் போய்விட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் உன் போட்டோவை எடுத்துப் பலகையில் வைத்தாள். நீ ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் உனக்குச் சுற்றிப் போடுவாளே, அதுபோல உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு போட்டோவைச் சுற்றினாள். எப்போதும் போல ஊரார் கண், உறவுக்காரர் கண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் அதே குரலில் "அப்பங் கண்ணு" என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். கமறவில்லை. விறகு ஈரம், அதனால்தான் என்று எனக்கு வாய் வரை வந்தது. நாற்பது வருஷமாக அவளுடைய இந்த மாதிரி காரியங்களுக்கெல்லாம் ஒரு விளக்கம் சொல்லி மடக்கிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஆகவே நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். பெட்டியை நகர்த்தியது நான்தான். உன் தங்கைக்குக் காது குத்தினோமே, அந்த வருஷம், அதற்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. அன்று காலை எட்டரை அளவு மேட்டில் எடுத்தது. சாயங்கால அளவு களத்தோரம் எடுத்தது. நோட்டில் அந்தப் பக்கத்தில் பேனா மாறியிருக்கும், பார்த்தால் தெரியும். களத்தில் கொட்டை காயாத மாதங்களிலும் சிமெண்டு சுடும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடு. என் பெயரை எங்கேயும் போட வேண்டாம். போட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது வேறு விஷயம்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று இதைப் படிக்கும்போது உனக்குத் தோன்றும். தோன்றட்டும். ஆனால் நான் பட்டதில் ஒன்றைச் சொல்கிறேன். பொறாமையாக இருக்கும் நாளில் யாருக்கும் யோசனை சொல்லாதே. அன்றைக்கு வாயிலிருந்து வருவது நல்ல யோசனை மாதிரியே இருக்கும், நமக்கே வித்தியாசம் தெரியாது. உன் மகள் இப்போது நாலு வயதில் உன் பேனாவைப் பிடுங்கி எழுதுகிறாள் என்று எழுதியிருந்தாய். பிடுங்கட்டும். ஒருநாள் அவள் உன் கட்டுரையைப் படித்து, அப்பா இங்கே பிசகு இருக்கிறது என்பாள். அன்றைக்கு உன் நெஞ்சில் ஒன்று சுருக்கென்று குத்தும். குத்தாது என்று நினைக்காதே, நீ என் ரத்தம். குத்தினாலும் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடு.

நீ எழுதிய அளவுகள் எதற்கு என்று தெரியவில்லை என்றாயே. என்னுடைய நோட்டுக்கு நீ சொன்னதை உன்னுடைய நோட்டுக்கு நீ ஏன் சொல்லிக்கொள்ளவில்லை என்று எனக்குப் புரியவில்லை. எவ்வளவு பிசகு என்று தெரிந்துவிட்டால் ஒரு வரியும் வீணாகாது என்று சொன்னவன் நீ. கருவி எவ்வளவு வேகமாக விழுந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்து. நீ நின்று போட்ட இடங்களையும் நேரங்களையும் வேறு எவனும் உன்னைப் போல அறிய மாட்டான். ஏற்காட்டில் வாத்தியார் வேலைக்கு நூறு பேர் கிடைப்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் உனக்காக யாரிடமும் பேசவே இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்படி ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டேன், அவ்வளவுதான்.

என் மனசு மாறிவிட்டது, இனி உன்னைப் பற்றி நினைத்தால் பெருமை மட்டும்தான் என்று எழுதி முடித்தால் உனக்கும் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் பொய்யாகிவிடும். நீ அடுத்த மாதம் அந்தக் கப்பலில் ஏறி நிற்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. இதை எழுதும் இந்த நிமிஷம்கூட எரிகிறது. அது தணிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். அது தணிகிறவரை கப்பல் காத்திருக்காது. அந்த ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய் வா, சாமி. பொறாமையோடுதான் சொல்கிறேன், போய் வா.

உன் அப்பா